மார்க் போடாத அக்கா

கென்யத் தலைநகர் நைரோபியிலும் அதை ஒட்டிய கியாம்பு பகுதியிலும் நான்கு உயர்நிலைப் பள்ளிகள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே வழக்கத்துக்கு மாறான ஓர் ஆசிரியர் பட்டாளம் வந்து இறங்கியது. ஒருவரிடமும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இல்லை. மனநலப் படிப்பும் இல்லை. அவர்களே பள்ளியை விட்டு வெளியே வந்து அதிக காலம் ஆகவில்லை. இருபதை ஒட்டிய வயது. சுருக்கமான ஒரு பயிற்சியைக் கொடுத்து அவர்களை வகுப்புக்குள் அனுப்பினார்கள். வாரம் ஒரு மணி நேரம், மொத்தம் நான்கு வாரம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள், மனச்சோர்வோ பதற்றமோ அளவுக்கு மேல் இருப்பதாகக் கேள்வித்தாள் வழியே தெரியவந்த பதின்ம வயதுப் பிள்ளைகள்.

இதைக் கேட்டதும் நம் ஊர்ப் பெற்றோருக்கு ஒரு கேள்வி வரும்: ‘சின்னப் பசங்ககிட்டயா பிள்ளைங்க மனசை ஒப்படைக்கிறது?’ நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடித்தான் 413 மாணவர்களையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மனம் சார்ந்த பாடம். இன்னொரு பகுதிக்கும் அதே போன்ற இளைஞர்கள், அதே நான்கு வாரம். பாடம் மட்டும் வேறு. குறிப்பெடுப்பது எப்படி, நேரத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி என்று. 2021இல் ‘ஜாமா சைக்கியாட்ரி’ ஆய்விதழில் முடிவு வெளியானது. இரண்டு குழுக்களுமே முன்பைவிடத் தேறியிருந்தன. மனம் சார்ந்த பாடம் கேட்டவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் கரைந்துவிடவில்லை.

முதல் குழுவின் வெற்றியைவிட இரண்டாம் குழுவின் முன்னேற்றம்தான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. படிப்பு டிப்ஸ் மட்டுமே கேட்ட பிள்ளைகளுக்கும் மனம் ஏன் கொஞ்சம் லேசானது? நாள் போகப் போகச் சோர்வு தானாகவே தணிவதுண்டு. அது ஒரு காரணமாக இருக்கலாம். வாரம் தவறாமல் ஓர் அண்ணனோ அக்காவோ வந்து சிறு வட்டமாக உட்கார்ந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ‘நீ என்ன நினைக்கிற?’ என்று கேட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். பள்ளியில் நம்மை யாரும் அப்படிக் கேட்பதில்லை. ‘விடை என்ன?’ என்றுதான் கேட்பார்கள்.

இந்தத் திட்டத்தின் பெயர் ஷமிரி. சுவாஹிலி மொழியில் செழித்து வளர்தல் என்று பொருள். தொடங்கியவர்களில் ஒருவர் டாம் ஒஸ்போர்ன். கென்ய கிராமத்துப் பையன். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, புகை குறைவாக வரும் கரிக்கட்டிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர். பிறகு ஹார்வர்டில் உளவியல் படிக்கப் போனார். அங்கே கேத்தரின் வென்ச்சுரோ கானர்லி என்ற சக மாணவியோடு சேர்ந்து, பேராசிரியர் ஜான் வைஸின் வழிகாட்டலில் இதை உருவாக்கினார். யோசித்துப் பார்த்தால், திட்டத்தை எழுதியவர்களும் மாணவர்கள்தான்.

பாடத்தில் என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனநோய் என்ற பேச்சே பெரிதாக இல்லை. நோய்களின் பட்டியல் இல்லை. முதல் இரண்டு வாரம், மனித மனமும் திறமையும் இப்படியேதான் இருக்கும் என்பதில்லை, மாறக்கூடியவை என்பதைப் பற்றிய கதைகளும் பேச்சும். மூன்றாவது வாரம், நன்றி பாராட்டுவது பற்றி. நான்காவது வாரம், ‘எனக்கு எது முக்கியம்? அதற்கேற்ப நான் நடக்கிறேனா?’ என்ற கேள்வி. அவ்வளவுதான். மனநல சிகிச்சை என்று சொன்னால் பிள்ளைகளும் வர மாட்டார்கள், வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள் என்பது கென்யாவில் பிறந்த ஒஸ்போர்னுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. நமக்கும்தான். சென்னையில் 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் ஒரே காரணத்துக்காக, ‘கீழ்ப்பாக்கம்’ என்ற நல்ல ஊர்ப் பெயரை வகுப்பறை வசவாக மாற்றி வைத்திருப்பவர்கள் நாம்.

நாளந்தாவில் நடந்தது

ஆப்பிரிக்கக் கதை நமக்கு எதற்கு என்பவர்கள் பீகாருக்கு வரலாம். நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகள். கோவாவைச் சேர்ந்த ‘சங்கத்’ அமைப்பு அங்கே ‘சேஹர்’ என்ற திட்டத்தை நடத்தியது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் உள்ளிட்டோர் 1996இல் தொடங்கிய அமைப்பு அது. பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், வெளியிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்த சாதாரண ஆள் ஒருவர் பள்ளிக்கு வந்து திட்டத்தை நடத்தினார். ‘சேஹர் மித்ரா’ என்று பெயர். இன்னொரு பிரிவில் அதே வேலையை அந்தப் பள்ளியின் ஆசிரியரே செய்தார். மூன்றாவது பிரிவில், அரசு ஏற்கெனவே நடத்திவந்த வாழ்க்கைத்திறன் வகுப்பு மட்டும்.

2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு, கல்வித்துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் படித்துவிட்டு ஒரு நாள் தூக்கம் கெட வேண்டிய முடிவு. வெளியாள் வந்த பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பள்ளியோடு இருந்த உறவே மாறியிருந்தது. கேலியும் மிரட்டலும் குறைந்தன. அடிதடி குறைந்தது. மனச்சோர்வு குறைந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில்? வாழ்க்கைத்திறன் வகுப்பு மட்டும் நடந்த பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டும் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். அப்போதும் அதே கதைதான்.

இதை வைத்து ஆசிரியர்களைத் திட்ட ஒரு கூட்டம் கிளம்பும். அது அபத்தம். போர்ஷன் முடிக்க வேண்டும், ‘எமிஸ்’ இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை, தேர்ச்சி சதவீதம் குறைந்தால் விளக்கக் கடிதம். இத்தனைக்கும் நடுவே ‘பிள்ளைகளின் மனதையும் பாருங்கள்’ என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் அவர் என்ன செய்வார்? ஒரு பதிவேடு திறப்பார்.

வேலைப்பளு ஒரு காரணம். ஆனால் அதைக் குறைத்தாலும் தீராத ஒன்று இருக்கிறது. காலையில் ரிவிஷன் டெஸ்ட் பேப்பரைக் கொடுத்து ‘வீட்டுக்குப் போன் பண்ணட்டுமா?’ என்று கேட்டவரிடம் மத்தியானம் போய், ‘எங்க வீட்ல தினமும் சண்டை சார், நைட்டு தூக்கமே வரல’ என்று எந்தப் பிள்ளை சொல்லும்? ஆசிரியர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அவர் கையில் மார்க் இருக்கிறது, டி.சி. இருக்கிறது, அப்பாவின் போன் நம்பர் இருக்கிறது. கல்லூரியிலிருந்து வரும் அக்காவின் கையில் இந்த மூன்றும் இல்லை. அவளுடைய தகுதி அதுதான். மனநலம் பற்றி அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

சேஹர் மித்ராக்கள் கல்லூரி மாணவர்கள் அல்லர், சம்பளம் வாங்கிய முழுநேரப் பணியாளர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கென்ய இளைஞர்களுக்கும் ஊக்கத்தொகை உண்டு. ‘தன்னார்வம்’ என்ற பேரில் பஸ் காசுகூடக் கொடுக்காமல் மாணவர்களை அலையவிடுவதற்கு இந்த ஆய்வுகளைத் துணைக்கு அழைக்க முடியாது.

மித்ராக்கள் என்னதான் செய்தார்கள்? மேடைப் பேச்சு பேசவில்லை. பள்ளிச் சுவரில் மாணவர்களே எழுதும் கையெழுத்துப் பத்திரிகை. மாதம் ஒரு தலைப்பு, அதையொட்டிப் போட்டிகள். மனதில் பட்டதை எழுதிப் போட ஒரு பெட்டி. மாணவர்கள் அடங்கிய ஒரு குழு. தனியாகப் பேச விரும்புகிறவர்களுக்குத் தனியாகப் பேச ஓர் இடம். நம் பள்ளிகளிலும் ‘மாணவர் மனசு’ என்ற பெட்டி இருக்கிறதே என்று வாசகர்களுக்கு நினைவு வரும். ஆம், இருக்கிறது. பெட்டியை யார் திறக்கிறார்கள், திறந்தபின் என்ன நடக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியுமா என்பதுதான் விஷயம். ஹெச்.எம். அறை வாசலில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில் மாட்டிய பெட்டியில் யாரும் தன் மனசைப் போட மாட்டார்கள்.

ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய சோதனை ஒன்று நடந்தது. பத்து நாடுகள், 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள். ஒரு பிரிவில், ஆபத்தில் இருக்கும் மாணவனை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இன்னொன்றில், கேள்வித்தாள் கொடுத்துச் சிக்கலில் இருப்பவர்களைக் கண்டெடுத்து மருத்துவரிடம் அனுப்புவது. மூன்றாவது, மாணவர்களையே பேசவும் நடிக்கவும் வைக்கும் ‘யாம்’ என்ற வகுப்பு; வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்தியது. தோழி உன்னிடம் ஒரு ரகசியம் சொல்கிறாள், என்ன செய்வாய்? வகுப்பே ஒருவனை ஒதுக்குகிறது, நீ என்ன செய்வாய்? இப்படியான நிலைமைகளைப் பிள்ளைகளே நடித்துக் காட்டி விவாதிப்பார்கள். ஓராண்டு கழித்து, எந்தத் திட்டமும் இல்லாத பிரிவில் 34 பேர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். ‘யாம்’ பிரிவில் 14 பேர். மற்ற இரண்டு பிரிவுகளிலும் உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. 2015இல் வந்த முடிவு இது.

கென்யா, பீகார், ஐரோப்பா. மொழி வேறு, பள்ளி வேறு, பாடத்திட்டம் வேறு. மூன்றிலும் பலன் கிடைத்த இடத்தில் வகுப்பு எடுத்தவர் அந்தப் பிள்ளைகளுக்கு மார்க் போடாதவர்.

நாற்பதில் மூன்று

இங்கே நிலைமை என்ன? பெங்களூரு நிம்ஹான்ஸ் தலைமையில், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் தேசிய மனநல ஆய்வு நடந்தது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக அது சொன்னது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ மூன்று பேர். கொரோனாவுக்கு முந்தைய கணக்கு இது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 13,044 பேர் மாணவர்கள்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பொதுத்தேர்வில் தோற்றவர்கள் ஒரு வருடம் வீட்டில் முடங்கிக் கிடக்காமல் உடனே எழுதித் தேறுவதற்குத் துணைத்தேர்வு வந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. முதல் மாணவி அம்மா கையால் இனிப்பு சாப்பிடும் படம் இல்லாமல் பத்திரிகைகள் தவித்துப்போயின. பிள்ளைகளுக்கு மூச்சு வந்தது. (கோச்சிங் சென்டர்கள் ஃப்ளெக்ஸ் பேனரில் அந்த வழக்கத்தை உயிரோடு வைத்திருக்கின்றன என்பது வேறு கதை.) இப்போது 14416 என்ற எண்ணை எந்த நேரத்தில் அழைத்தாலும் தமிழில் பேச ஆள் உண்டு; ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்கும் அரசின் மனநல சேவை அது.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. நல்லதுதான். ஆனால் அத்தனை ஆலோசகர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஒன்றியத்துக்கு ஒருவர் கிடைப்பதே கடினமாக இருக்கும் இடங்கள் ஏராளம். ஆலோசகர் வந்தாலும் பிள்ளை அவர் அறைக்குப் போக வேண்டும். ‘அந்த ரூமுக்கு ஏன்டா போன?’ என்ற கேள்வியைத் தாண்டிப் போக வேண்டும். அந்த அறையின் கதவுவரை கூட்டிக்கொண்டு போக ஒருவர் வேண்டியிருக்கிறது. கல்லூரி மாணவர்களின் வேலை அங்கேதான்.

ஆள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கியது. அதில் சேரும் மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அந்த மணி நேரங்கள் எப்படிக் கழிகின்றன என்று என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தவர்களுக்குத் தெரியும். வளாகத்தைக் கூட்டுவது, மரக்கன்று நடுவது, ரத்ததானம், பேனர் பிடித்துப் பேரணி. குறை சொல்லவில்லை, ரத்ததானம் உயிர் காக்கும். ஆனால் பேரணியில் போகும் நேரத்தில் பாதியைப் பக்கத்துப் பள்ளி ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்தால் என்ன? கொரோனாவுக்குப் பிறகு வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் அக்காக்கள். பள்ளி ஆசிரியர் அல்லாதவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைக்கத் தமிழ்நாட்டுப் பெற்றோர் தயங்கவில்லை. அந்த அக்காவை அவர்களுக்குத் தெரியும் என்பதே போதுமானதாக இருந்தது.

காது கொடுக்கும் தொண்டும் இங்கே புதிதல்ல. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிய ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பில், ஆலோசனை கேட்டு வந்தவர்களைக் காத்திருக்கும் நேரத்தில் கவனித்துக்கொள்ளத்தான் தொண்டர்களை வைத்தார்கள். வந்தவர்களில் பலர் அந்தத் தொண்டர்களிடம் பேசிவிட்டே மனம் தணிந்து திரும்பிப் போனார்கள். அந்த வழியில் இலங்கையில் ‘சுமித்ரயோ’ 1974இல் வந்தது. சென்னையில் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘ஸ்நேகா’ 1986இல் வந்தது. ஸ்நேகாவில் போன் எடுப்பவர்கள் இன்றும் தன்னார்வலர்கள்தான். புத்திமதி சொல்வது அவர்கள் வேலை இல்லை.

விழிப்புணர்வே சுமையானால்

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, அடுத்த வாரமே நாற்பது ஸ்லைடு பி.பி.டி.யோடு ஒரு கல்லூரிக் குழு பள்ளிக்குக் கிளம்பினால் எனக்குக் கவலைதான். மனநல வகுப்பு என்பதாலேயே அது நல்லது செய்துவிடும் என்று இல்லை.

பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களோடு ‘மிரியட்’ என்ற ஆய்வு நடந்தது. மூச்சைக் கவனித்தல், இந்த நொடியில் இருத்தல் போன்ற பயிற்சிகளை ஆசிரியர்களே கற்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022இல் முடிவு வந்தது: வழக்கமான வகுப்புகளைவிட எந்தப் பலனும் கூடுதலாக இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைப் பயிற்சி செய்யவே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு, உணர்ச்சிகளைக் கையாளும் உத்திகளை எட்டு வாரம் கற்றுக்கொடுத்தார்கள். வகுப்பு முடிந்த கையோடு அளந்தபோது, பாடம் கேட்டவர்களுக்குக் கேட்காதவர்களைவிட மனச்சோர்வும் பதற்றமும் சற்றுக் கூடியிருந்தன. பெற்றோருடனான உறவும் கொஞ்சம் கெட்டிருந்தது. 2023இல் வெளியான ஆய்வு இது.

ஏன் இப்படி? ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றும் உளவியலாளர் லூசி ஃபுல்க்ஸ், சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து ஒரு கருத்தை முன்வைத்திருக்கிறார். விழிப்புணர்வு முயற்சிகள் உண்மையிலேயே நோயுற்றவர்களுக்கு அதை உணரவும் உதவி தேடவும் வழி செய்கின்றன. கூடவே, சாதாரண வருத்தத்தையும் சாதாரணப் பதற்றத்தையும் நோயாகப் பார்க்கச் சிலரைப் பழக்கிவிடுகின்றன. அப்படிப் பெயர் சூட்டிக்கொண்டபின் அந்தப் பிள்ளை பரீட்சையைத் தவிர்க்கிறது, நண்பர்களைத் தவிர்க்கிறது. தவிர்க்கத் தவிர்க்கப் பதற்றம் நிஜமாகவே வளர்கிறது. இது இன்னும் முழுதாக நிறுவப்பட்ட முடிவல்ல. ஆனால் ரீல்ஸில் ‘உங்களுக்கு இந்த ஐந்து அறிகுறி இருக்கா?’ பார்த்துவிட்டு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு, இது வெறும் கற்பனை இல்லை என்று தோன்றும்.

அதனால் மாணவத் தன்னார்வலர் அறிகுறிப் பட்டியலோடு போகக் கூடாது என்பது என் கட்சி. நோய்களின் பெயரை மனப்பாடம் செய்ய வைத்தால் அது இன்னொரு ஐந்து மார்க் கேள்வியாக முடியும். பதிலாக, நாலு பேர் முன்னால் அவமானப்பட்டால் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைப் பேசலாம். தோழி அழுதால், ‘அழாதே, எல்லாம் சரியாயிடும்’ என்று அவசரமாக மூடிவிடாமல் கேட்பது எப்படி என்று நடித்துப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போய், பிடித்த விளையாட்டும் கசந்துபோனால் யாரிடம் சொல்வது என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பேரை எழுதிக்கொள்ளலாம். பேரே எழுத முடியாமல் காகிதத்தை வெறுமையாகக் கொடுக்கும் பிள்ளைதான் அந்த வகுப்பில் கவனிக்க வேண்டிய பிள்ளை.

தூக்கத்தைப் பற்றிப் பேசப்போனால் தன்னார்வலர் ஒரு சுவரில் முட்டுவார். விடிகாலை ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டியூஷன், ராத்திரி ஸ்டடி என்று ஓடும் பிள்ளையிடம் எட்டு மணி நேரம் தூங்கச் சொன்னால் அது சிரிக்கும். அந்தச் சிரிப்பு சரியானது. பள்ளி தன் நேர அட்டவணையை மாற்றாமல் மாணவனின் மனதை மட்டும் மாற்ற ஆள் அனுப்புவதில் ஒரு பித்தலாட்டம் இருக்கிறது. அக்டோபர் 10 உலக மனநல தினத்தன்று பச்சை ரிப்பன் குத்திக்கொண்டு, 11ஆம் தேதி வகுப்பில் டெஸ்ட் மார்க்கை உரக்கப் படிக்கும் பள்ளிகள் எத்தனை!

‘யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா’

நல்ல வகுப்பு என்றால் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் இது நடந்தே தீரும். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின்னும் ஒரு பிள்ளை பையை மாட்டாமல் நிற்கும். ‘அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா.’

பத்தொன்பது வயதுப் பெண் என்ன சொல்வாள்? பாசத்தில், ‘சத்தியமா சொல்ல மாட்டேன்’ என்பாள். அந்தச் சத்தியம் அவளையும் அந்தப் பிள்ளையையும் சேர்த்து மாட்டிவிடும். அடுத்த வரியில் வருவது மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, டியூஷன் மாஸ்டரோ செய்த பாலியல் தொல்லையாக இருக்கலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்கு அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது தண்டனைக்குரிய குற்றம். தன்னார்வலர் என்பதற்காக விலக்கு கிடையாது.

ஆகவே சத்தியம் கேட்கப்படும் முன்பே, முதல் நாள் முதல் பத்து நிமிடத்தில், வகுப்பு முழுவதுக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: ‘நீங்க சொல்றதை வம்பு பேச மாட்டேன். வீட்டுக்கோ சாருக்கோ போட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனா உங்க உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லுவேன். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.’ இதைச் சொன்னால் பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எல்லை எது என்று தெரிந்த இடத்தில்தான் பிள்ளைகள் துணிந்து பேசுவார்கள் என்பது என் எண்ணம்.

தற்கொலை பற்றிய கேள்வியும் அப்படித்தான். ‘சாகணும்னு தோணுதா?’ என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பெரியவர்களே நம்புகிறார்கள். ஆய்வுகள் அதற்கு மாறாகவே சொல்லிவருகின்றன: நேரடியாக, பதறாமல் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டுவதில்லை, பலருக்கு அது ஆறுதலாகவே இருக்கிறது. கேட்டபின் அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், கூடவே இருந்து, பொறுப்பானவரிடம் கையோடு ஒப்படைப்பது தன்னார்வலரின் கடமை. சிகிச்சை தருவது அவர் வேலையே இல்லை. 14416, குழந்தைகளுக்கான 1098, பள்ளியில் யார், மாவட்ட மருத்துவமனையில் யார் என்ற விவரங்கள் அவர் பையில் எழுதியே இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த அக்காவை யார் பார்த்துக்கொள்வது? அவளும் பிள்ளைதான். போன மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்காக நகத்தைக் கடித்தவள்; இப்போது அரியர் பயம் உள்ளவள். பதினாலு வயதுச் சிறுமி சொன்னதைச் சுமந்துகொண்டு ஹாஸ்டலுக்குப் போய் அவள் எப்படித் தூங்குவாள்? ஷமிரியில் இளைஞர்களுக்கு மேல் மேற்பார்வையாளர்கள், அவர்களுக்கு மேல் தேர்ந்த மனநல வல்லுநர்கள் என்று அடுக்கு இருக்கிறது. அந்த மேல் இரண்டு படிகள் இல்லாமல் கீழ்ப்படியை மட்டும் எடுத்து வந்து இங்கே வைத்தால், கேட்பவள் உடைந்துபோவாள். கல்லூரியின் உளவியல் துறையோ சமூகப்பணித் துறையோ அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவோ வாரம் ஒரு மணி நேரம் இந்தத் தன்னார்வலர்களோடு உட்கார ஒப்புக்கொண்டால்தான் இதைத் தொடங்கவே வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லையா, மரக்கன்று நடுவதே நல்லது.

இன்னொரு சிக்கல் பிரிவு. செமஸ்டர் முடிந்தால் அக்கா காணாமல் போய்விடுவாள். ஏற்கெனவே கைவிடப்பட்ட உணர்வில் இருக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு கைவிடல். எத்தனை வாரம் வருவேன், எந்தத் தேதியில் முடியும் என்று முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிவிடலாம். கடைசி வகுப்புக்குப் பள்ளியிலேயே இருக்கப்போகும் ஒருவரை, அது ஆலோசகரோ பிள்ளைகள் தேர்ந்தெடுத்த ஆசிரியரோ, கூட அழைத்து வந்து உட்காரவைக்கலாம். போன் நம்பரையும் இன்ஸ்டா ஐடியையும் கொடுக்கலாமா என்று தன்னார்வலர்கள் கேட்பார்கள். கூடாது. நள்ளிரவில் வரும் ஒரு மெசேஜை அவள் பார்க்காமல் தூங்கிவிட்டால், அதன் பாரத்தை அவள் ஆயுசுக்கும் சுமக்க நேரும். 14416இல் நள்ளிரவிலும் ஆள் இருப்பார்கள்.

இதில் பள்ளியிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. ஆறு வாரத்துக்கு வாரம் ஒரு பீரியட், அது பி.டி. பீரியடாக இருக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கும் ஒரே விளையாட்டு நேரம் அது. வகுப்பாசிரியர் உள்ளே உட்காராமல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓர் அறை. பெஞ்சுகளை வட்டமாகப் போட அனுமதி. பெற்றோருக்கு முன்கூட்டியே, மனநோய் என்ற சொல் இல்லாமல், இது எதைப் பற்றிய வகுப்பு என்று சொல்லும் ஒரு கடிதம். காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் வந்துவிடும். அதற்குள் ஆறு வகுப்பும் முடிய வேண்டும் என்றால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்கியாக வேண்டும். ஜூலை முழுக்கத் தன்னார்வலர் பயிற்சிக்குப் போய்விடும். அப்படிப் பார்த்தால், ஹெச்.எம். கையெழுத்து ஜூன் மாதம், புத்தகங்கள் வந்து இறங்கும் அதே வாரத்தில் தேவைப்படும்.